நங்கூரச் சங்கிலிக்கு ஒரு தணிகயிறு

மும்பையிலோ, கொச்சியிலோ, கோவாவிலோ, ஸ்ரீவிஜயபுரம் என 2024-ஆம் ஆண்டில் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலோ குடியேறி வாழும் நம்மவர் பலர், மாலை வேளையில் கடற்கரையில் உலாவும்போது பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்பதைக் கண்டிருப்பார்கள். பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டு, காற்று வீசும் திசைக்கு முகம் காட்டி, அவை அமைதியாக நிற்கும். படகைப் பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டால், இரும்புச் சங்கிலி என்றே யாவரும் சொல்வோம். ஆனால் அணியத்தை, அதாவது படகின் முன்முனையைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். சங்கிலியோ தளர்ந்து மாலைபோல் வளைந்து தொங்கிக்கொண்டிருக்கும். அதன் அருகே, பெருவிரல் பருமனே உள்ள ஒரு வெள்ளைக் கயிறு விறைப்பாக நீருக்குள் இறங்கிச் செல்லும். காற்றின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அந்தக் கயிறுதான். வலிய இரும்பு இருக்க, மெலிந்த கயிற்றிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது ஏன்? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இத்தகைய படகுகள் பெரும்பாலும் 10 முதல் 14 மீட்டர் நீளம் உள்ளவை. கணவன் மனைவி இருவர், சில வேளைகளில் குழந்தைகளுடன், ஆண்டுக்கணக்கில் அதிலேயே குடியிருந்து நாடு நாடாகச் செல்கின்றனர். கடற்பயணம் என்றதும் நடுக்கடலும் புயலும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அவர்களுடைய இரவுகளில் பெரும்பகுதி ஏதேனும் ஒரு விரிகுடாவில் நங்கூரத்தை நம்பியே கழிகிறது. வீடு, சேமிப்பு, உடைமை எல்லாம் அந்த ஒரு படகில் அடங்கியிருக்கின்றன. நங்கூரம் பெயர்ந்தால் காற்று ஓயும் முன்பே படகு பாறையில் மோதிவிடும். நடுக்கடலில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் உண்டு; கரைக்கு 200 மீட்டர் தொலைவில் அது கிடையாது.

இதற்குச் சான்றாகக் கடலோடிகள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மெக்ஸிகோ நாட்டின் பாஜா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்கோடியில் காபோ சான் லூக்காஸ் என்ற ஊர் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவ்வூர் விரிகுடாவில் பயணப் படகுகள் பல நெருக்கமாக நங்கூரமிட்டிருந்தன. எதிர்பாராத வகையில் கடற்பக்கமிருந்து புயற்காற்று எழுந்து, அலைகள் திறந்த கடலிலிருந்து நேரே உள்ளே புகுந்தன. ஒரே இரவில் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலில் வீசி எறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘ஜோஷுவா’ என்ற எஃகுப் படகு. உலகைத் தனியாகப் படகில் முதன்முதல் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கம் என்பவரின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. அதன் தலைவர் பெர்னார்ட் முவாத்தெஸ்ஸியே ஹனோயில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1968-இல் உலகைச் சுற்றும் தனிமனிதப் போட்டியில் கலந்துகொண்டு, முடிவிடத்திற்குத் திரும்பாமல், பரிசையும் பொருட்படுத்தாமல், மேலும் பாதி உலகைச் சுற்றித் தாகித்தித் தீவில் போய் இறங்கியவர். தென்கடல்களின் பேரலைகள் எவையும் பறிக்காத படகு, நங்கூரத்தில் நின்ற ஓர் இரவில் அவர் கையைவிட்டுப் போயிற்று. பிறகு வேறு சிலரால் மீட்கப்பட்டு, இன்று பிரான்ஸில் லா ரொஷேல் நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்வாறான இரவுகளில் நங்கூரம் எவ்வாறு தோற்கிறது என்பதை அறிய, அது எவ்வாறு பிடிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நங்கூரம் தன் எடையினால் படகை நிறுத்துவதில்லை. ஏர்க்கொழுவைப் போல் மண்ணுக்குள் புதைந்து நின்றே பிடிக்கிறது. கிடையாக இழுத்தால் மேலும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும். ஆகவேதான் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விடுகிறார்கள். ஆழம் என்பதில் அணியம் நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும் உயரமும், ஏற வேண்டிய ஓதமும் சேரும். கனத்த சங்கிலி கடலடியில் படுத்துக் கிடப்பதால் நங்கூரத்தின் மீது விழும் இழுப்பு கிடையாகவே இருக்கிறது. காற்று வலுக்கும்போது சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும். தணிந்தால் மீண்டும் படியும். அந்த வளைவே ஒரு வில்போல் செயற்பட்டுப் படகுக்கு இடங்கொடுக்கிறது.

இவ்வளவும் சரியே. ஆனால் வளைவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 12 மீட்டர் நீளமுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். நீரின் ஆழம் 6 மீட்டர், அணியத்தின் உயரம் ஒன்றரை மீட்டர், விட்டிருப்பது 10 மில்லிமீட்டர் சங்கிலி 40 மீட்டர் என்று கொள்க. அச்சங்கிலி நீருக்குள் மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ளது. கணக்கிட்டுப் பார்த்தால், சுமார் 200 கிலோ எடையளவு இழுப்பிலேயே 40 மீட்டர் சங்கிலியும் தரையை விட்டு எழுந்துவிடுகிறது. அந்த நிலையில் சங்கிலி முற்றிலும் நேர்கோடாவதற்கு இன்னும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது? ஒரு சாண்! அவ்வளவுதான். பார்வைக்கு இன்னும் அழகாக வளைந்து தோன்றும் சங்கிலி, படகுக்கு ஒரு சாண் இடந்தான் தரமுடியும்.

200 கிலோ இழுப்பு என்பது பெருங்காற்றில்தான் வருமோ என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் படகு கட்டுவோர் பின்பற்றும் அட்டவணையின்படி, இவ்வளவு நீளமுள்ள படகின்மீது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகக் காற்று 136 கிலோ அளவுக்கும், 55 கிலோமீட்டர் வேகக் காற்று 544 கிலோ அளவுக்கும் இழுப்பைத் தரும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்ற விதியை இங்கே காணலாம். இந்த அட்டவணை சற்றுக் கூடுதலாகவே மதிப்பிடுகிறது என்பார் உளர். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் 272 கிலோ. நம் சங்கிலியின் எல்லையை அது தாண்டிவிட்டது.

இனி அலை வருகிறது. 10 டன் எடையுள்ள படகை ஓர் அலை பின்னோக்கித் தள்ளுகிறது. வேகம் நொடிக்கு 1 மீட்டர், மெல்ல நடந்து போகும் மனிதனின் வேகந்தான். இந்த ஓட்டத்தை ஒரு சாணுக்குள் நிறுத்த வேண்டுமாயின், சங்கிலியில் எழும் உச்ச விசை சுமார் 5 டன்னை எட்டும். சாதாரணத் தரமுள்ள 10 மில்லிமீட்டர் சங்கிலி அறுந்துபோகும் எல்லையும் ஏறக்குறைய அதுதான். சங்கிலி அறாவிட்டால் வேறொன்று தோற்கும். நங்கூரம் மண்ணிலிருந்து பிடுங்கப்படலாம். அணியத்திலுள்ள உருளை வளைந்து போகலாம். சங்கிலியை ஏற்றி இறக்கும் சுழற்பொறி தளத்திலிருந்து பெயர்ந்துவிடலாம். அதே ஓட்டத்தை ஒன்றரை மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தினால் எழும் விசையோ 700 கிலோவுக்குள் அடங்கிவிடும். கிணற்றில் கயிறு நழுவி ஓடும்போது சட்டென்று இறுக்கிப் பிடித்தவர் கையும், சற்று ஓடவிட்டுப் பிடித்தவர் கையும் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாததன்று.

அந்த ஒன்றரை மீட்டரைத் தருவதுதான் முதலில் நாம் கண்ட வெள்ளைக் கயிறு. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்னப்பர்’ என்று பெயர். சொற்களைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு சிறு சங்கடம். ‘ஸ்னப்’ என்றால் ஒருவரை மதியாமல் முகம் திருப்பிக்கொள்வது என்றே அகராதியில் முதலில் காண்கிறோம். கடலோடிகளின் வழக்கிலோ, ஓடும் கயிற்றை ஒரு தூணில் சுற்றி அதன் வேகத்தை அடக்குவது என்று பொருள். ‘அடக்குகயிறு’ எனலாமா என்று எண்ணினேன். ஆனால் அது அடக்குவதைக் காட்டிலும் அதிர்ச்சியைத் தணிக்கிறது. ஆகவே ‘தணிகயிறு’ என்று இப்பேச்சில் வழங்குகிறேன். இதைவிட நல்ல சொல் நம் கரையோர மீனவரிடம் இருந்தால், அதையே ஏற்றுக்கொள்ளலாம்.

தணிகயிறு நைலானால் ஆனது. அமெரிக்காவின் டுபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935-இல் உருவாக்கிய அந்த இழைக்கு நீண்டு மீளும் தன்மை மிகுதி. அதற்கு முன்பு இந்த வேலையை ஓரளவு செய்துவந்தது நம் தென்னங்கயிறு என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. தென்னை நார் வலிமையில் மற்றச் சணல்களுக்குக் குறைந்ததாயினும் நீளுந்தன்மையில் விஞ்சியது. அதனால் மேலைநாட்டுக் கப்பல்களும் இழுவைக்கும், அலையடிக்கும் துறைகளில் கட்டி நிறுத்துவதற்கும் அதை விரும்பின. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘காயர்’ என்ற பெயரே மலையாளத்துக் ‘கயர்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். நம் ‘கயிறு’ம் அதற்கு உறவு.

எவ்வளவு பருமனுள்ள கயிறு வேண்டும்? பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பயம் வந்தால் பருத்த கயிற்றைத் தேடுவது மனித இயல்பு. ஆனால் தணிகயிற்றின் பயன் வலிமையில் மட்டும் இல்லை, நெகிழ்ச்சியில் இருக்கிறது. மூன்று புரி முறுக்கிய 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஏறக்குறைய 3 டன்னில் அறும். 700 கிலோ இழுப்பில், 10 மீட்டர் நீளமுள்ள அக்கயிறு ஒன்றரை மீட்டர் அளவுக்கு நீண்டுகொடுக்கும். அதற்குப் பதில் 20 மில்லிமீட்டர் கயிற்றைக் கட்டினால் அதே இழுப்பில் அதில் பாதியளவுகூட நீளாது; இரும்புச் சங்கிலிக்கு இன்னொரு துண்டு சேர்த்தாற்போல்தான். அதேபோல், 2 மீட்டர் கயிற்றைக் கட்டிவிட்டுத் தணிகயிறு கட்டியாயிற்று என்று திருப்தியடைவதும் வீண். நீளும் அளவு நீளத்தைப் பொறுத்தது. 12 மீட்டர் படகுக்குக் குறைந்தது 8 முதல் 10 மீட்டர் வேண்டும் என்பது என் கருத்து. தளத்தில் இடமில்லாதவர் கயிற்றைப் பின்புறத்துக் கட்டுகொம்பிலிருந்து தொடங்கிப் படகின் நெடுகக் கொண்டுவந்து அணியத்தின் வழியே விடுவதும் உண்டு. நல்ல யோசனை.

கட்டும் முறையைச் சொல்கிறேன். முதலில் நங்கூரத்தை இறக்கி, வேண்டிய நீளத்துக்குச் சங்கிலியை விட்டு, எந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி நங்கூரத்தை நன்றாகப் புதைக்க வேண்டும். அதன்பின் தணிகயிற்றின் ஒரு முனையைச் சங்கிலியில் பிணைத்து, மறுமுனையைத் தளத்திலுள்ள வலுவான கட்டுகொம்பில் கட்டுகிறார்கள். இனி மேலும் சிறிது சங்கிலியை விட்டால், இழுப்பு சங்கிலியிலிருந்து கயிற்றுக்கு மாறுகிறது. அணியத்துக்கும் பிணைப்புக்கும் இடையே உள்ள சங்கிலி வளைந்து தொங்கும். அந்தத் தொங்கல் கயிறு நீளக்கூடிய அளவைவிட மிகுதியாக இருக்க வேண்டும். இல்லையேல் கயிறு முழுதும் நீளும் முன்பே சங்கிலி விறைத்து, எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பின்னால் தொங்கும் சங்கிலியைச் சுழற்பொறியின் பல்லில் மட்டும் மாட்டிவைத்துவிட்டு உறங்கப் போகக் கூடாது. அப்பொறி சங்கிலியை ஏற்றுவதற்கு அமைந்தது. இரவு முழுதும் படகைத் தாங்குவதற்கு அன்று. தனியே ஒரு தூணிலோ, சங்கிலிப் பூட்டிலோ அதை நிறுத்திவைத்தால், தணிகயிறு அறுந்தாலும் படகு சங்கிலியில் நிற்கும். கயிறு அறலாம், நங்கூரம் போகக் கூடாது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே.

சங்கிலியில் பிணைப்பதற்கு எஃகுக் கொக்கிகள் விற்கின்றன. மாட்டுவது எளிது. ஆனால் காற்று ஓய்ந்து கயிறு தளரும்போது கொக்கி சங்கிலியை விட்டு நழுவுவதும் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் அது கடலடியில் பட்டால் நழுவுவது இன்னும் எளிது. ஆகவே நாக்குப் பூட்டு உள்ள கொக்கியே நல்லது. பழைய மாலுமிகளோ கொக்கியை நாடாமல் ‘ரோலிங் ஹிட்ச்’ என்ற முடிச்சைப் போடுவார்கள். இழுக்கும் பக்கமாகச் சங்கிலியை மூன்று நான்கு முறை சுற்றி, பிறகு மறுபக்கம் ஒரு சுற்றுச் சுற்றி முனையை அடியில் செருகிவிடுவது. இழுக்க இழுக்க அது இறுகும். இழுப்பு நீங்கினால் கையாலேயே அவிழ்க்கலாம். காசு செலவில்லை, துருப்பிடிப்பதில்லை, தொலைவதும் இல்லை. எனக்கு இதன் மீதே பற்று மிகுதி.

கயிற்றுக்கு எதிரி புயல் அன்று, உராய்வு. நீண்டு நீண்டு மீளும் கயிறு அணியத்து விளிம்பில் ஓயாமல் தேய்கிறது. ஒரே இரவில் புரி புரியாக அறுந்து காலையில் நூலாக நிற்பதும் உண்டு. தேயும் இடத்தில் தோலோ, தீயணைப்புக் குழாயின் துணியோ சுற்றித் தைத்துவிட வேண்டும். இறுக்கமான பிளாஸ்டிக் குழாயைப் போடுவது உகந்ததன்று. கயிற்றின் உள்ளே இழைகள் ஒன்றோடொன்று தேய்ந்து உண்டாகும் வெப்பம் வெளியேறாது. குளிர்விக்கும் நீரும் உள்ளே புகாது. நைலான் நனைந்தால் வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடுங்காற்றில் இரண்டாவது தணிகயிறு ஒன்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டிவைத்தால், முதற்கயிறு அறும்போது அது பொறுப்பை ஏற்கும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர்க்கு முதலில் முரணாகத் தோன்றும். ஆழமான நீரைவிட ஆழமற்ற நீரில்தான் தணிகயிறு மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆழத்தில் சங்கிலிக்குத் தொங்க இடம் உண்டு. அதன் எடை மேலும் கீழும் நெடுந்தூரம் அசைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. 3 மீட்டர் ஆழத்தில் அந்த வாய்ப்பில்லை. சிறு காற்றிலேயே வளைவு தீர்ந்துவிடுகிறது. அலைகளும் அங்கேதான் செங்குத்தாக எழுகின்றன. கரைக்கு அருகில் பத்திரமாக நிற்கிறோம் என்ற எண்ணத்தில் கயிற்றைக் கட்டாமல் விடுபவர் உண்டு. எடை குறைந்த உயர்தர எஃகுச் சங்கிலி இக்காலத்தில் பரவிவருவதால் இந்தக் குறை மேலும் பெருகியிருக்கிறது.

தணிகயிற்றால் இன்னொரு நன்மை, உறக்கம். சங்கிலி பாறையில் உரசும் ஒலி இரும்பின் வழியே நேரே படகின் உடலுக்கு ஏறி, முன்னறையில் படுத்திருப்பவர் தலைமாட்டில் அரைக்கும். கயிறு இடையில் வந்தால் அந்த ஒலி நின்றுவிடும்.

இரட்டை உடற்படகுகளுக்கு ஏற்பாடு சற்று வேறு. ஆங்கிலத்தில் அவற்றைக் ‘கேட்டமரான்’ என்கிறார்கள். நம் கட்டுமரமே அந்தச் சொல்லின் தாய். ஆயினும் நம் மீனவர் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், இந்தப் படகுகளோ பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிகளைப் பின்பற்றியவை. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது! இவற்றில் சங்கிலி நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து இறங்குகிறது. அச்சட்டம் பேரிழுப்பைத் தாங்குவதற்கு உரியதன்று. ஆகவே இரு உடல்களின் முன்முனையிலிருந்தும் ஒவ்வொரு கயிறு வந்து சங்கிலியில் ஒரே இடத்தில் கூடுகிறது. குதிரையின் கடிவாளத்தைப் போன்றிருப்பதால் ஆங்கிலத்தில் ‘பிரைடில்’ என்பர். கடிவாளக் கயிறு என்று நாமும் தயங்காமல் சொல்லலாம். இது அதிர்ச்சியைத் தணிப்பதோடு, படகு காற்றில் இடமும் வலமுமாக ஊசலாடுவதையும் அடக்குகிறது. படகு ஒருபக்கம் சாயும்போது ஒரு கயிறு இறுகி, மற்றது தளர்ந்து, முகத்தை மீண்டும் காற்றுக்கு நேரே திருப்பிவிடும்.

இரு கயிறுகளும் குட்டையாக இருந்தால் இடைக்கோணம் விரிந்து, விசை வீணாகும். படகின் அகலம் 7 மீட்டர், கயிறுகளும் 7 மீட்டர் என்றால், முக்கோணத்தின் மூன்று பக்கமும் சமம். ஒவ்வொரு கயிறும் மொத்த இழுப்பில் 58 விழுக்காட்டைத் தாங்கும். கோணம் 120 பாகையாக விரிந்தால், ஒவ்வொன்றும் முழு இழுப்பையே தாங்க நேரும். ஆகவே அகலத்துக்குக் குறையாமலும், கூடுமானால் அதில் ஒன்றரை மடங்காகவும் வைப்பது வழக்கம். ஊசலாட்டத்தின் உச்சத்தில் ஒரு கயிற்றின் மீதே முழுச்சுமையும் விழும் என்பதால், ஒவ்வொன்றும் தனித்தனியே அதைத் தாங்க வல்லதாக இருக்க வேண்டும். ஒற்றை உடற்படகுகளிலும் சிலர் இருபுறமும் கட்டிக் கடிவாளம் அமைக்கிறார்கள். அணியம் குறுகியிருப்பதால் அதில் ஊசலாட்டம் அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை; ஒரே நீண்ட கயிறு போதும்.

புறப்படும் வேளையில் வரிசை மாறக் கூடாது. சங்கிலியைச் சுருட்டத் தொடங்கிக் கயிற்றின் இழுப்பைச் சங்கிலிக்கு மாற்றிய பிறகு, பிணைப்பு அணியத்தின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் பொறியை நிறுத்த வேண்டும். பிறகு கொக்கியைக் கழற்றி, அல்லது முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தளத்தில் இழுத்து வைத்துக்கொண்டுதான் மறுபடி பொறியை இயக்க வேண்டும். கொக்கி உருளைக்குள் புகுந்து சிக்கிவிட்டால், ஒருவர் சுக்கானில் நிற்க, மற்றவர் அதைச் சுத்தியால் தட்டிப் பிரிக்கும்வரை, படகு பாதி தூக்கிய நங்கூரத்தோடு காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும்.